ரொயோட்டாவும் யாழ்ப்பாணமும்: ஒரு நம்பிக்கையின் சமூக அடிப்படை

1. பிரச்சினையின் தோற்றுவாய்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் கொக்குவில், கோண்டாவில், இணுவில் ஆகிய ஊர்களைக் கடந்து மருதனார்மடச் சந்தியை அடைவர். வழிப்போக்கர் தங்கி இளைப்பாறிச் செல்லும் மடத்தைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் இவ்வூர், 1913 ஆம் ஆண்டு சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பெண்கள் கல்லூரியாலும், அவர் பெயரால் அமைந்த நுண்கலைக் கல்விக்கூடத்தாலும் கல்வியுலகு அறிந்த இடமாகும். எனினும் அயற்கிராமத்து உழவர்க்கு அது முதன்மையாக ஒரு சந்தை. வெங்காயமும் மரக்கறியும் வண்டியேறும் இடம். நடந்து வந்தோர்க்கும் மாட்டுவண்டியில் வந்தோர்க்கும் மடம் எதுவாக இருந்ததோ, அதனை இன்று வான் தரிப்பிடமும் வாகனத் திருத்தகமும் எரிபொருள் நிலையமும் பகிர்ந்துகொண்டுள்ளன.

இவ்வீதியில் ஓடும் கார்களுள்ளும் வான்களுள்ளும் யப்பானில் உற்பத்தியானவை எத்துணை என்பதை எண்ணிப் பார்க்கும் எவரும், அவற்றுள் ரொயோட்டா நிறுவனத்தின் வாகனங்கள் பெற்றுள்ள இடத்தைக் கவனியாதிரார். இவ்விடம் வெறும் எண்ணிக்கை பற்றியதன்று. "ரொயோட்டா எண்டால் பயமில்லை" என்பது யாழ்ப்பாணத்து வாகன உரிமையாளரிடையே வழங்கும் பொதுக்கருத்து. திருமணப் பேச்சிலும் காணி விற்பனையிலும் மிகுந்த எச்சரிக்கை காட்டும் ஒரு சமூகம், பன்னாயிரம் மைல்கட்கு அப்பாலன்றாயினும் பல கடல்கட்கு அப்பால் உள்ள ஒரு தொழிற்சாலையின் சொல்லை இவ்வாறு ஏற்றுக்கொண்டது எங்ஙனம்?

யப்பானியரின் உழைப்பும் ஒழுங்கும் என்று விடை கூறி அமைதியடைவது வழக்கம். இவ்விடை பொய்யன்று, ஆயினும் குறையுடையது. ஒரு வாகனத்தின் நம்பகம் அதன் இரும்பில் மாத்திரம் தங்கியிருப்பதன்று. தொழிற்சாலை, இறக்குமதிக் கொள்கை, உள்ளூர்த் திருத்தகம் ஆகிய மூன்றும் கூடி உருவாக்கும் ஒரு சமூக உறவே அந்நம்பகம் என்பதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்கு அந்நிறுவனத்தின் வரலாற்றையும் யாழ்ப்பாணத்தின் அண்மைக்கால வரலாற்றையும் ஒருசேர வைத்து நோக்குதல் வேண்டும்.

2. தறியிலிருந்து காருக்கு

ரொயோட்டாவின் வரலாறு காரில் தொடங்குவதன்று. நெசவுத் தறியில் தொடங்குவது. 1867 இல் இன்றைய ஷிசுவோக்கா மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்த சக்கிச்சி ரொயோடா, கைத்தறியைத் திருத்துவதிலே தம் வாழ்நாளைச் செலவிட்டவர். அவரும் அவர் மகன் கீச்சிரோவும் 1924 இல் நிறைவுசெய்த தானியங்கித் தறியின் சிறப்பு, நூல் அறுந்ததும் தறி தானே நின்றுவிடும் என்பதாகும். ஒரு தொழிலாளி ஒரு தறியின் அருகிற் காத்து நிற்கவேண்டிய தேவை இதனால் இல்லாதொழிந்தது. ஒருவரே பல தறிகளை மேற்பார்வை செய்யலாயினர். பிழை நேர்ந்த கணத்திலேயே இயக்கம் நிற்க வேண்டும் என்ற இக்கருத்தே பிற்காலத்தில் அந்நிறுவனத்தின் கார் உற்பத்தி முறையின் ஒரு தூணாயிற்று.

1929 இல் இங்கிலாந்தின் ஓல்ட்ஹாம் நகரத்துப் பிளாற் சகோதரர் நிறுவனம் இத்தறியின் காப்புரிமையை 1,00,000 பவுணுக்கு விலைபேசி வாங்கியது. இது சிந்திக்கத்தக்க நிகழ்ச்சி. உலகின் நெசவாலைகளுக்கெல்லாம் இயந்திரம் வழங்கிய லங்காஷயர், கீழைத்தேயத்துத் தச்சர் மகன் ஒருவரிடம் தறி வாங்கும் நிலையை அடைந்தது. இலங்கையில் மலிவான யப்பானியத் துணி பெருகியமையால் அதற்கு வரம்பு விதிக்குமாறு பிரித்தானியக் குடியேற்ற அரசு 1934 இல் நடவடிக்கை எடுத்ததும் இக்காலப் பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளத்தக்கது. அக்காலத்தில் 'யப்பான் சாமான்' என்பது நம் நாட்டில் மலிவுக்கும் ஆயுட்குறைவுக்கும் மறுபெயராயிருந்தது. அச்சொல் அரை நூற்றாண்டுள் எதிர்மாறான பொருளைப் பெற்றமை மொழியாராய்ச்சியாளரும் கருத்திற் கொள்ளத்தக்க மாற்றமாகும்.

கீச்சிரோ 1933 இல் தறித் தொழிற்சாலையினுள்ளே கார்ப் பகுதியொன்றைத் தொடங்கினார். 1936 இல் முதற் கார் விற்பனைக்கு வந்தது. 1937 இல் ரொயோட்டா மோட்டார் நிறுவனம் தனியே பதிவாயிற்று. குடும்பப் பெயராகிய 'ரொயோடா' வாணிகப் பெயராகும்போது 'ரொயோட்டா' ஆயிற்று. இரண்டாம் உலகப் போரில் அது இராணுவ லொறிகளைச் செய்தது. போரின் பின் நிறுவனம் வங்குரோத்தின் விளிம்பை அடைந்தது. 1950 இல் ஆட்குறைப்புக்கு எதிராகத் தொழிலாளர் நீண்ட வேலைநிறுத்தம் செய்தனர். முடிவில் ஏறத்தாழ 2,000 பேர் வேலையிழந்தனர். கீச்சிரோவும் பதவி விலகினார். அதே ஆண்டு யூன் மாதம் கொரியப் போர் மூண்டது. அமெரிக்கப் படையினர் லொறிகளைக் கேட்டனர், நிறுவனம் உயிர்பிழைத்தது. அயல்நாட்டின் அழிவு ஒன்றே ரொயோட்டாவின் மீட்சிக்கு வாய்ப்பாயிற்று என்பதை அதன் புகழ்பாடும் நூல்கள் மெதுவாகவே சொல்லும்.

இதற்குப் பின்னர் ரயிச்சி ஓனோ என்னும் பொறியியலாளர் வளர்த்தெடுத்த உற்பத்தி முறை உலகறிந்தது. தேவையான பாகம், தேவையான வேளையில், தேவையான அளவில் மாத்திரம் வந்து சேரவேண்டும். களஞ்சியத்திற் குவிந்து கிடப்பது செல்வமன்று, வீண்விரயம் என்பது அதன் அடிப்படை. ஒரு பகுதியினர் அடுத்த பகுதியினரிடம் பாகம் கேட்பதற்கு 'கன்பன்' எனப்படும் சிறு அட்டை பயன்பட்டது. பிழை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து முழு வரிசையையும் நிறுத்தலாம். சக்கிச்சியின் தறியில் அறுந்த நூல் செய்த வேலையை இங்கே தொழிலாளியின் கை செய்தது. 1966 இல் வந்த கொறோலா காரும் 1967 இல் வந்த ஹையேஸ் வானும் இம்முறையின் விளைபொருள்களே. அவை இரண்டும் பின்னர் யாழ்ப்பாணத்து வீதிகளின் வரலாற்றிலும் இடம்பெற்றன.

3. யாழ்ப்பாணத்தின் ஒஸ்ரின் காலம்

ரொயோட்டா வருமுன் யாழ்ப்பாணத்தின் மனத்தை ஆட்கொண்டிருந்தவை பிரித்தானியக் கார்கள். ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் ஆகியன சந்திதோறும் வாடகைக் கார்களாக நின்றன. நோயாளரை மருத்துவமனைக்கும், மணமக்களைக் கோயிலுக்கும், மாணவரைப் பள்ளிக்கும் இவை சுமந்தன. 1960களின் தொடக்கத்திலிருந்து அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாகக் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. புதிய கார் வராத நாட்டில் பழைய காரைச் சாகவிடாது காத்தல் ஒரு தொழிற்கலையாயிற்று. உதிரிப்பாகம் கிடையாதபோது கடைசற் பட்டறையில் அதனைக் கடைந்தெடுத்தனர். உருளையைத் துளைத்துப் பெருப்பித்து வேறொரு வண்டியின் பிஸ்டனைப் பொருத்தினர். இவ்வாறு வளர்ந்த திருத்துநர் மரபு, குருவிடம் இருந்து கையால் கற்றுக் கையால் கைமாற்றப்பட்ட ஒன்றாகும்.

இவ்விடத்தில் ஒரு வரலாற்று உண்மை மனங்கொள்ளத்தக்கது. ரொயோட்டாவின் போட்டி நிறுவனமாகிய நிசான், 1952 இல் ஒஸ்ரின் நிறுவனத்துடன் ஒப்பந்தஞ் செய்து, 1953 முதல் ஏ-40 சோமசெற் காரையே யப்பானில் பொருத்தத் தொடங்கியது. இசுசு நிறுவனம் ஹில்மன் காரையும், ஹீனோ நிறுவனம் பிரெஞ்சு ரெனோ காரையும் அவ்வாறே செய்தன. ரொயோட்டா மாத்திரம் அயல்நாட்டுக் காரொன்றை அவ்வாறு பொருத்தும் வழியை நாடாது, 1955 இல் கிறவுண் என்னும் காரைத் தன் சொந்த முயற்சியில் வெளியிட்டது.

ஆக, ஒரே ஒஸ்ரின் கார் இரு கீழைத்தேயச் சமூகங்களின் கைக்கு ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தது. யப்பானியர் அதனைக் கழற்றிப் பார்த்து அடுத்த காரைத் தாமே செய்யக் கற்றனர். யாழ்ப்பாணத்தவர் அதனைக் கழற்றிப் பார்த்து அதே காரை என்றும் ஓடவைக்கக் கற்றனர். அறிவுக்கூர்மையில் இருவரும் ஒருவர்க்கொருவர் இளைத்தவரல்லர். வேறுபாடு, அவ்வறிவுக்குப் பின்னால் நின்ற மூலதனம், அரசு, கைத்தொழிற் கொள்கை ஆகியவற்றில் இருந்தது. சொந்தக் கைத்தொழிலுக்கு உயர்ந்த வரிச்சுவர் எழுப்பிக் காத்த அரசு அங்கு இருந்தது. இங்கோ பட்டறையின் அறிவு பட்டறையோடு நின்றது.

4. 1977: ஒரே கதவு, இரு வரவுகள்

1977 இல் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்கம் இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. இதே ஜயவர்தன 1951 இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் யப்பானிடம் இலங்கை போர் நட்டஈடு கோராது என்று பேசி யப்பானியரின் நன்றியைப் பெற்றவர் என்பது வரலாற்றின் ஒரு சுவையான பொருத்தம். திறந்த பொருளாதாரத்தின் வழியே யப்பானிய வாகனங்கள், சிறப்பாக அங்கு சில ஆண்டுகள் ஓடியபின் இங்கு வரும் 'றீகண்டிஷன்' வாகனங்கள், பெருகின.

இவ்வரவுக்கு யப்பானின் உள்நாட்டு நிலைமையும் ஏதுவாயிற்று. அங்கு புதிய கார் மூன்று ஆண்டுகளின் பின்னும், அதன்பின் இரண்டு ஆண்டுக்கொரு முறையும் கட்டாயப் பரிசோதனைக்கு உட்படவேண்டும். அதற்கான செலவு கார் பழையதாகுந்தோறும் சுமையாகத் தோன்றுவதால், நல்ல நிலையிலுள்ள வாகனங்களும் ஏலத்துக்கு வருகின்றன. யப்பானிலும் இலங்கையிலும் வாகனம் வீதியின் இடப்புறமாகவே செல்வது. சுக்கான் வலப்புறத்திலே இருப்பது. எனவே அங்கு கழிக்கப்பட்டது இங்கு எவ்வித மாற்றமுமின்றி ஓடத்தக்கதாயிற்று. நம் நாட்டில் 'யப்பான் தரம்' என்று போற்றப்படுவதன் ஒரு பகுதி, யப்பானின் பரிசோதனைச் சட்டத்தின் தரமே எனலாம்.

ஆனால் இக்கதவின் வழியே வாகனம் மாத்திரம் வரவில்லை. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதித் தடை யாழ்ப்பாணத்து உழவர்க்கு ஒரு பொற்காலத்தை அளித்திருந்தது. மிளகாயும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் விளைவித்த இணுவில், உரும்பிராய், சுன்னாகம் முதலாம் செம்மண் நிலத்து ஊர்கள் செழித்தன. 1977 இன் பின் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் தாராளமாக வந்தபோது அவர்தம் சந்தை சரிந்தது. விளைபொருளை ஏற்றிச்செல்ல நல்ல வான் கிடைத்த காலத்தில், அவ்விளைபொருளுக்கு உரிய விலை கிடையாது போயிற்று. மருதனார்மடம் போன்றதொரு சந்தையில் நின்று நோக்கும்போது, ரொயோட்டாவின் வரவையும் உழவரின் நட்டத்தையும் வெவ்வேறு நிகழ்ச்சிகளாகக் கொள்ள இயலாது. அவை ஒரே கொள்கையின் இரு முகங்களே.

இதற்கு இன்னொரு கூறும் சேர்ந்தது. மத்திய கிழக்குக்கு உழைக்கச் சென்றோரும், 1983 இன் வன்செயல்களின் பின் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் புலம்பெயர்ந்தோரும் அனுப்பிய பணம் குடும்பங்களின் கொள்வனவு வலுவை மாற்றியது. நிலத்தின் வருவாயால் வாங்கப்பட்டது ஒஸ்ரின் எனின், புலம்பெயர்ந்தோர் உழைப்பால் வாங்கப்பட்டது ஹையேஸ் எனலாம்.

5. போர்க்காலமும் வாகனமும்

1990 இல் போர் மீண்டும் மூண்டபோது வடக்குக்கான புகையிரதச் சேவை நின்றது. ஏ-9 வீதி அடைபட்டது. பெற்றோலும் டீசலும் உதிரிப்பாகங்களும் பொருளாதாரத் தடைக்கு உட்பட்டன. துவிச்சக்கரவண்டி மக்களின் முதன்மை வாகனமாயிற்று. அதன் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. கார்களுள் தலைநிமிர்ந்து நின்றவை யப்பானியக் கார்கள் அல்ல. நாற்பது ஆண்டுப் பழைமை வாய்ந்த ஒஸ்ரினும் மொறிஸுமே.

இதன் காரணம் எளிய பொறியியலே. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. எனவே சிறிதளவு பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். பழைய பிரித்தானிய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு. ஆதலால் தரங்குறைந்த எரிபொருளிலும் அவை இடித்து உடையாமல் ஓடின. புகையும் கரியும் மிகும். எஞ்சினெண்ணெய் விரைவிற் கெடும். ஆயினும் வண்டி ஓடும். உயர்ந்த அமுக்க விகிதமும் நுண்ணிய அளவுகளும் கொண்ட புதிய எஞ்சின்கள் இக்கொடுமையைப் பொறுக்கமாட்டா. எது திறமை மிக்கதோ அது நெருக்கடியில் தோற்றது. எது கழற்றிப் பூட்டத்தக்கதோ அது நின்றது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? நம்பகம் என்பது இருவகைப்படும். பழுதாகாமை ஒன்று, பழுதானால் திருத்தத்தக்கதாயிருத்தல் மற்றொன்று. முன்னது தொழிற்சாலையின் குணம். பின்னது ஊரின் குணம். விநியோகம் தடையின்றி நடைபெறும் காலத்தில் முன்னது மேலோங்கும். விநியோகம் அறுபடும் காலத்தில் பின்னதே உயிர்காக்கும். தேவையான வேளையில் மாத்திரம் பாகம் வந்து சேரவேண்டும் என்ற ஓனோவின் கோட்பாடு, வீதி திறந்திருக்கும் உலகத்துக்கு உரியது. யாழ்ப்பாணத்துத் திருத்தகமோ பழைய ஆணியையும் எறியாது சேர்த்து வைத்தது. அங்கு விரயம் எனப்பட்டது இங்கு சேமிப்பாயிற்று.

போர்க்காலத்து வாகன வரலாற்றைக் கூறுவோர் வெள்ளை வானைக் கூறாது விடலாகாது. வாடகைக்கும் பள்ளிச் சேவைக்கும் சுற்றுலாவுக்கும் பயன்பட்ட வகையைச் சேர்ந்த அதே வான், ஆட்கடத்தலின் குறியீடாகவும் ஆயிற்று. 2011 இல் வெளிவந்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கையிலும் வெள்ளை வான் கடத்தல்கள் பேசப்பட்டுள்ளன. எங்கும் நிறைந்திருப்பதாலேயே எவராலும் அடையாளங் காணப்படாத வாகனம் அது. காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்க்கு அதன் கதவு ஒலி உணர்த்துவது வேறு. உழைப்பாளிக்கு அது உணர்த்துவது வேறு. ஒரு பொருளின் சமூக அர்த்தத்தை அதனைச் செய்தவர் தீர்மானிப்பதில்லை. அதனைப் பயன்படுத்தும் அதிகாரமே தீர்மானிக்கின்றது என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

6. உரிமையாளர் கருத்துக்கள்

2002 இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டு, 2006 இல் மீண்டும் மூடப்பட்டு, 2009 இன் பின் நிலையாகத் திறந்தது. வாகனங்கள் வெள்ளமெனப் புகுந்தன. அக்காலந்தொட்டு யாழ்ப்பாணத்து உரிமையாளரிடையே நிலவும் கருத்துக்களைச் சுருக்கமாக வகுத்து நோக்கலாம்.

முதலாவது, பெயர்கள். உரிமையாளர் தம் வாகனத்தை நிறுவனம் இட்ட பெயரால் மாத்திரம் அழைப்பதில்லை. முன்முகம் கூர்ந்த ஹையேஸ் 'டொல்பின்' ஆயிற்று. அதற்கு முந்தியது 'ஷெல்' ஆயிற்று. பிந்தியது 'கேடிஎச்' ஆயிற்று. கொறோலாவின் ஒரு வகை '121' என்ற எண்ணாலேயே அறியப்படுகின்றது. செசித் தகட்டில் பொறித்த குறியீடு மக்கள் வழக்கில் இயற்பெயராகும் இந்நிலை, உரிமையாளர் எவ்வளவு நுட்பமாக வாகனங்களை வேறுபடுத்தி அறிவர் என்பதைக் காட்டுகின்றது.

இரண்டாவது, வழியில் விடாமை. வான் வைத்துப் பிழைப்போர்க்கு ஒருநாள் ஓட்டம் நின்றால் ஒருநாள் வருமானம் போம்; லீசிங் தவணையோ நிற்பதில்லை. ஆதலால் அவர்கள் நம்பகம் என்று கூறுவது தொழில்நுட்பப் பாராட்டன்று. கடனின் அச்சத்துக்கு எதிரான காப்பு. டீசல் ஹையேஸின் எஞ்சின் நெடுந்தூரம் உழைக்கும் என்பதே அவர்தம் முதற் புகழ்மொழி.

மூன்றாவது, உதிரிப்பாகம். கொழும்பின் பஞ்சிகாவத்தையில் கிடையாத ரொயோட்டாப் பாகம் இல்லை என்பது வழக்கு. யப்பானில் கழற்றியது, தாய்வானில் செய்தது, சீனத்தில் செய்தது எனப் பல படிகளில் ஒரே பாகம் கிடைப்பதால், உரிமையாளர் தம் கைப்பணத்துக்கு ஏற்பத் தெரிவு செய்யலாம். பலரும் வைத்திருப்பதால் பாகம் கிடைக்கின்றது; பாகம் கிடைப்பதால் பலரும் வாங்குகின்றனர். நம்பிக்கை தன்னைத்தானே வளர்க்கும் வட்டம் இது.

நான்காவது, கைமாற்று விலை. இக்கூறே நம் நாட்டுக்குத் தனித்துவமானது. உயர்ந்த வரியும் அடிக்கடி மாறும் இறக்குமதி விதிகளும் காரணமாக, இங்கு கார் தேய்ந்தழியும் நுகர்பொருளாக அன்றி, நகையும் காணியும் போன்ற சொத்தாகக் கருதப்படுகின்றது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், பல ஆண்டுகள் ஓடிய கார்கள் வாங்கிய விலைக்கு மேல் விலைபோயின. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தபோதும் வரிச்சுமை குறையவில்லை. பல்கலைக்கழக ஆசிரியர் உட்பட அரச சேவையின் மேல்நிலையினர்க்கு வழங்கப்பட்டுவந்த வரிச்சலுகை அனுமதிப்பத்திரம், 'பெர்மிட்' என்ற பெயரில் எத்துணைப் பேரமாக விளங்கியது என்பதை இவ்விதழின் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி, குறை கூறுவோரும் உளர். தகடு மெல்லியது, சிறு மோதலுக்கும் நசிகின்றது என்பது ஒஸ்ரின் கண்ட முதியோர் வாக்கு. கடலோர ஊர்களின் உப்புக்காற்றில் கீழ்ப்புறம் விரைவில் துருப்பிடிக்கின்றது என்பர். ஓடிய தூரத்தைக் காட்டும் மானி திருத்தப்பட்டு விற்கப்படுகின்றது என்ற ஐயம் றீகண்டிஷன் வாங்குவோர் எல்லோர்க்கும் உண்டு. பெயருக்கே விலை கொடுக்கின்றோம்; அதே தகைமையுள்ள வேறு நிறுவனத்துக் கார் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றதே என்பாரும் உளர். ஆயினும் இறுதியில் ரொயோட்டாவையே வாங்குவர். ஏனெனில் நாளை விற்கும்போது வாங்குபவரும் ரொயோட்டாவையே கேட்பார் என்பது அவர் அறிந்ததே.

7. நம்பகத்தின் மறைந்த விலை

முற்போக்குச் சிந்தனையுடையோர் இவ்விடத்தில் ஒரு வினாவை எழுப்புதல் கடன். உரிமையாளர் அனுபவிக்கும் இந்நம்பகத்துக்கு உரிய விலையைச் செலுத்தியவர் யார்?

கமாத்தா சத்தோஷி என்னும் பத்திரிகையாளர் 1972 இல் ரொயோட்டாவில் பருவகாலத் தொழிலாளியாகச் சேர்ந்து, ஆறு மாத அனுபவத்தை 1973 இல் நூலாக வெளியிட்டார். வரிசையின் வேகத்துக்கு மனித உடல் எவ்வாறு அடிமையாக்கப்பட்டது என்பதை அந்நூல் யப்பானியர்க்கே புலப்படுத்தியது. 2002 இல் தரக்கட்டுப்பாட்டுப் பணியில் இருந்த முப்பது வயதுத் தொழிலாளி ஒருவர் தொழிற்சாலையிலேயே வீழ்ந்து இறந்தார். அது மிகையுழைப்பால் நேர்ந்த மரணம் என 2007 இல் நகோயா மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விரயம் நீக்கல் என்ற கோட்பாட்டில், தொழிலாளி மூச்சுவிடும் இடைவெளியும் விரயமாகக் கணிக்கப்படும் அபாயம் உண்டு.

பழுதற்றது என்ற புகழும் மாசற்றதன்று. 2009, 2010 ஆம் ஆண்டுகளில் வேகமுடுக்கிக் குறைபாடு தொடர்பாகப் பல இலட்சம் கார்கள் திருப்பியழைக்கப்பட்டன. 2010 பெப்ரவரியில் நிறுவனத் தலைவர் அக்கியோ ரொயோடா அமெரிக்கக் காங்கிரசின் முன் தோன்றி மன்னிப்புக் கோரினார். உண்மையை மறைத்தமை பற்றிய குற்றவிசாரணை 2014 இல் 120 கோடி டொலர் செலுத்தும் உடன்பாட்டில் முடிந்தது. துணை நிறுவனமாகிய டைஹட்சு பரிசோதனை முடிவுகளில் மோசடி செய்தமை 2023 இலும், ரொயோட்டாவின் சொந்தச் சான்றிதழ்ச் சோதனைகளில் முறைகேடுகள் 2024 இலும் வெளிப்பட்டன. கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்தும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்ற கோட்பாடு, நெருக்கடி மிகுந்த இடத்தில் செயலற்றுப் போகும் என்பதற்கு இவை சான்று.

8. கலப்பின வாகனமும் கையறிவின் எதிர்காலமும்

1997 இல் யப்பானில் வெளிவந்த பிரியஸ், பெற்றோல் எஞ்சினையும் மின்மோட்டாரையும் இணைத்த கார். 2010களில் வரிச்சலுகை காரணமாக இவ்வகைக் கார்கள் இலங்கையில் பெருகின. பின்னர் சிறிய அக்குவாவும் வந்தது. 2022 இன் எரிபொருள் நெருக்கடியில், கியூஆர் குறியீட்டின்படி வாரத்துக்கு இத்தனை லீற்றர் என அளந்து பெற்ற காலத்தில், இவற்றின் சிக்கனம் உரிமையாளரால் பெரிதும் போற்றப்பட்டது. 1990களில் மண்ணெண்ணெயால் ஒஸ்ரின் பெற்ற புகழை, 2022 இல் மின்கலத்தால் அக்குவா பெற்றது.

ஆயினும் வேறுபாடு பாரியது. ஒஸ்ரினின் காபுரேற்றரைப் பட்டறைப் பையன் கண்ணால் கண்டு கற்றான். கலப்பினக் காரின் கட்டுப்பாட்டு அலகினுள் நடப்பது கண்ணுக்குப் புலனாவதன்று; கணினியைப் பொருத்தி அது கூறும் குறியீட்டை வாசிக்க வேண்டும். அம்மென்பொருள் நிறுவனத்தின் உடைமை. இதனால் திருத்தும் அதிகாரம் சந்தியிலிருந்து நீங்கித் தொலைவிலுள்ள நிறுவனத்திடம் சென்றுவிடும் என அஞ்சுவதில் நியாயம் உண்டு.

எனினும் நம் திருத்துநர் கைகட்டி நின்றிலர். பிரியஸின் மின்கலப் பெட்டியினுள் 28 தனிக்கூறுகள் தொடராக இணைந்துள்ளன. ஒன்றிரண்டு கெட்டாலும் முழுப் பெட்டியையும் மாற்றுதலே நிறுவனம் கூறும் வழி. இலங்கைத் திருத்தகங்களோ ஒவ்வொரு கூறையும் அளந்து, கெட்டதை மாத்திரம் நீக்கி, வேறொரு பெட்டியின் நல்ல கூறைப் பொருத்திக் காரை ஓடவைக்கின்றன. உருளையைப் பெருப்பித்து வேறு பிஸ்டன் இட்ட பழைய மரபின் தொடர்ச்சியன்றி இது வேறன்று. ஆனால் இதில் ஆபத்தும் உண்டு. ஏறத்தாழ 200 வோல்ற் மின்னழுத்தத்தைக் கையாள்வோர்க்கு முறையான பயிற்சியும் காப்புச் சாதனமும் தேவை. கேள்வியறிவு மாத்திரம் அங்கு உயிருக்குக் கேடாகும்.

இங்கேதான் பல்கலைக்கழகத்துக்கும் தமிழ்ச் சங்கங்கட்கும் ஒரு கடமை எழுகின்றது. அரசகரும மொழித் திணைக்களம் ஒருகாலத்தில் விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. அச்சொற்கள் பாடநூலில் நின்றன, பட்டறைக்கு வரவில்லை. பட்டறையின் சொற்களோ, ஆங்கிலத்தைத் தமிழ் நாவுக்கு ஏற்பச் செதுக்கியனவும் தச்சுத்தொழிலிலிருந்தும் கொல்லுத்தொழிலிலிருந்தும் எடுத்தனவுமாக, எந்த அகராதியிலும் ஏறாது வாய்மொழியிலேயே வாழ்கின்றன. ஒஸ்ரினை உயிருடன் காத்த தலைமுறை மறைந்துவருகின்றது. அவர்தம் செய்முறைகளை அவர்கள் சொல்லிலேயே பதிவுசெய்தலும், கலப்பின, மின்சார வாகனங்களைத் திருத்தும் முறையைத் தமிழில் எழுதித் தொழிற்பயிற்சி நிலையங்கட்கு வழங்குதலும் காலத்தின் தேவையாகும்.

சக்கிச்சி ரொயோடா ஒரு கிராமத்துத் தச்சர் மகன். அவருடைய கையறிவை நூலறிவோடும் மூலதனத்தோடும் அரச ஆதரவோடும் இணைத்தமையே யப்பான் பெற்ற வெற்றி. அத்தகைய கையறிவு நம் சந்திகளிலும் இருந்தது, இன்றும் இருக்கின்றது. அதனை அறிவு என்று ஏற்கும் மனப்பாங்கே நம்மிடம் குறைவாயிருந்தது. யாழ்ப்பாணத்து வாகன உரிமையாளர் ரொயோட்டாவை நம்புகின்றனர் என்று நாம் கூறும்போது, அந்நம்பிக்கையின் சரிபாதி சந்தித் திருத்தகத்தில் எண்ணெய் படிந்த கைகளுக்கு உரியது என்பதையும் சேர்த்தே கூறுதல் வேண்டும்.